சிலோனுக்குப் போகுமுன் கும்மிடிப்பூண்டிக்கு

நார்வேயிலிருந்து வந்த அந்த மாணவி முதல் நாள் என் அம்மாவைப் பார்த்து, "தாங்கள் எத்தனை மணிக்கு வயலுக்குச் செல்வீர்கள்?" என்று கேட்டாள். அம்மா தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். எங்கள் தெருக்காரர்களை அதுவரை யாரும் 'தாங்கள்' என்று சொன்னதில்லை. பத்து மாதம் கழித்து அதே பெண் சேற்றுக்காலோடு வரப்பில் உட்கார்ந்து, "இன்னாம்மா, இன்னிக்கி கூழு எடுத்தாரலியா?" என்று கேட்குமளவுக்குத் தேறிவிட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பொன்னேரியில் கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வயலில் இறங்குகிறவர்கள். அந்த மாணவிக்குப் பள்ளி வளாகத்திலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். நிலத்தில் பாடுபடும் பெண்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எந்த வேலைக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பள்ளி விட்டதும் நான் அவளுக்குத் துணை போவேன். என் அம்மா பேசுவதைக் கேட்க ஒருத்தி கடல் தாண்டி வருவாளா என்ற வியப்பு எனக்குக் கடைசிவரை தீரவில்லை.

அறுப்பு முடிந்ததும் அவள் அடுத்த நாட்டுக்குக் கிளம்ப ஆயத்தமானாள். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள், அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்றாள். அம்மை ஊசி குத்திக்கொண்டு சான்று வாங்கினாள். அனுமதிக்காக நான்கு தடவை மதராசுக்குப் போய்வந்தாள். நோட்டுகளை எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் அடுக்கினாள். மிஞ்சியது ஒரே சந்தேகம்: அங்கே என்ன தமிழ் பேசுகிறார்கள்?

எங்கள் தலைமை ஆசிரியர் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். அங்கே சுத்தமான தமிழ் என்றும், வயற்காட்டில் கற்றதைப் பேசினால் சிரிப்பார்கள், பழையபடி புத்தகத் தமிழுக்கே திரும்பிவிடு என்றும் அவளிடம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, வெளியே வந்ததும் என்னிடம், "நெசமாவா அக்கா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் ஊத்துக்கோட்டையைத் தாண்டிப் போனவள் இல்லை.

என் தம்பி அப்போது கும்மிடிப்பூண்டியில் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலைகளுக்காகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அங்கே கல் சுமக்கிற ஒரு அம்மா சிலோனிலிருந்து வந்தவர் என்றும், வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பால் ஊற்றாத தேநீர் குடிக்கிறார் என்றும் அவன் சொன்னதுதான் தாமதம், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் ரயில் ஏறினோம்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஓலைக் குடிசை, வாசலைப் பளிச்சென்று பெருக்கியிருந்தார். பிறந்தது, வளர்ந்தது, கொழுந்து பறித்தது எல்லாம் சிலோன் மலையில். இரண்டு வருஷத்துக்கு முன், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவரையும் கணவரையும் இந்தியாவுக்கென்று எழுதிக் கப்பலேற்றிவிட்டார்கள். தங்கையின் குடும்பத்துக்கு அங்கேயே இருக்கக் குடியுரிமைச் சீட்டு கிடைத்தது.

"ஒங்க சொந்த ஊருக்கு அனுப்புறோம்னாங்க," என்றார். "அது எந்த ஊருன்னு எனக்குத் தெரியல. மண்டபம் கேம்ப்புல எறங்கி அங்க நின்ன ஒரு போலீஸ்காரர்கிட்டயே கேட்டேன்."

மாணவி கேள்விகளைத் தொடங்கினாள். அவர் வேலியில் இருந்த ஒரு செடியின் நுனியைக் காட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று செய்து காட்டினார். விரல் போன வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நானும் கிள்ளிப் பார்த்தேன், காம்போடு வந்தது. அவர் சிரித்தார். காலையில் ஆள் கணக்கெடுக்க எல்லாரையும் நிறுத்துவதற்குப் பெரட்டு என்று பெயராம். வரிசை வீடுகள் லயம். பேசுவதைப் பட்டணத்துக்காரர்கள் 'கதைக்கிறது' என்பார்களாம். தோட்டத்தில் அப்படி இல்லையாம்.

"எங்க பேச்சைக் கேட்டா அந்தப் பட்டணத்துக்காரங்க சிரிப்பாங்க," என்றார். "அதுக்காக வாயை மூடிக்கிட்டா இருந்தோம்?"

மாணவி என்னைப் பார்த்தாள். மூன்று வாரமாக மனதில் தைத்திருந்தது எனக்கு அப்போதுதான் கழன்று விழுந்தது.

எந்தப் பக்கம் போகிறாய் என்று அவர் கேட்டார். அட்டன் பக்கம் என்று அவள் சொன்னதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் தங்கை இருக்கிற தோட்டம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம்தானாம். மாணவி பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க தங்கச்சிக்கு எதனா சொல்றதுன்னா இதுல சொல்லுங்க. நான் எடுத்துனு போறேன்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த அறையில் இருப்பவளிடம் சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

"இங்க குளிரே இல்ல. கொண்டாந்த கம்பளியெல்லாம் சும்மா கெடக்கு. தண்ணி உப்புக் கரிக்குது. மலைன்னு ஒண்ணு கண்ணுல படல. மாமா நல்லா இருக்காரு. அம்மாவைப் பொதைச்ச குழிமேட்டுப் பக்கம் போனா புல்லைச் செதுக்கிவிடு."

அடுத்த வாரம் அவள் கிளம்பினாள். பொன்னேரி ஸ்டேஷனுக்கு அம்மாவும் வந்தாள். வண்டி நகரும்போது, "அங்க நடவு உண்டா, இன்னான்னு பாத்து எழுது பாப்பா," என்றாள். கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் எல்லாரையும் தொற்றிக்கொண்டிருந்தது.

இரண்டரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முழுக்க எங்கள் பேச்சிலேயே எழுதியிருந்தாள். தங்கையின் லயத்துக்குப் போய் ஒலிநாடாவைப் போட்டாளாம். லயமே கூடிவிட்டதாம். முதல் இரண்டு தடவை தங்கை அசையாமல் கேட்டாராம். மூன்றாம் தடவை கருவிக்கே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். கம்பளி சும்மா கிடக்கிறது என்று குரல் வந்ததும், "அப்ப எனக்கு அனுப்பு, இங்க வெறைக்குது," என்றாராம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். கம்பளியைப் பற்றிய இடம் வந்ததும் அந்த அம்மா குலுங்கிச் சிரித்தார். அதை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "குழிமேடு பத்தி எழுதலியா?"

எழுதவில்லை. ஏதாவது சேர்த்துப் படித்திருக்கலாம், மனம் வரவில்லை. இல்லை என்றேன். அவர், "அப்ப மழையா இருந்திருக்கும். அங்க ஏற முடியாது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கே அவர் சொல்லச் சொல்லத் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அக்காள் தங்கை இருவருக்கும் எழுத்து தெரியாது. அங்கே தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவர் படித்துக் காட்டிப் பதில் எழுதினார். பல வருஷம் அது தொடர்ந்தது. மாணவி அதற்குள் மலேசியா ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தாள். அங்கிருந்து ஒரே ஒரு தபால் அட்டை வந்தது, அவ்வளவுதான். நானோ ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் என் கேள்வி ஒன்றைச் சேர்த்துவிடுவேன். இலை எப்படிக் கறுப்பாகிறது, அட்டைப்பூச்சி கடித்தால் என்ன செய்வீர்கள், பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வரும்.

ஒருமுறை, இதை எழுதுகிற வாத்தியார் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டேன். பெண்தான் என்று பதில் வந்தது. உங்களைப் பற்றி எனக்கும் ரொம்ப நாளாக அந்தச் சந்தேகம் இருந்தது, கேட்கத்தான் கூச்சமாக இருந்தது என்று கீழே எழுதியிருந்தார்.