மீசைக்காரன் விழும் இடம்

இரண்டு பேர் ஒரு பனிமலை ஏறுகிறார்கள். ஒருவன் மீசைக்காரன், இன்னொருவன் தாடிக்காரன். உச்சியில் யார் முதலில் கொடி நடுவது என்று போட்டி. இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. தாடிக்காரன் மேலிருந்து பாறையை உருட்டிவிடுவான். மீசைக்காரன் ரம்பத்தை எடுத்துக் கயிற்றை அறுப்பான். அறுத்தது தன்னைத் தாங்கிய கயிறு என்பது விழும்போதுதான் அவனுக்குத் தெரியும். கடைசியில் இரண்டு கொடிகளையும் ஒரு மலையாடு தின்றுவிட்டுப் போய்விடும். எந்தக் காலத்திலோ எடுத்த கார்ட்டூன், ஏழெட்டு நிமிஷம் ஓடும். பார்க்கிறவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நான் டெல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் முழுக்க ஹிந்தியில் ஊசி போடுகிறவள். துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழ்த் தளத்தில் ஒரு சென்னைப் பெண் இருந்தாள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், குர்கானில் ஏதோ நிதி கம்பெனியில் வேலை. லிஃப்டில் நான் ஃபோனில் திருநெல்வேலியில் இருக்கும் தங்கையைத் திட்டுவதைக் கேட்டுத்தான் அவள் பழக்கமானாள். “அக்கா, உங்க குரல் சும்மா கிடக்குதே” என்று சொல்லி, நொய்டாவில் தான் டப்பிங் பேசப் போகும் ஸ்டூடியோவுக்கு அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த நன்றியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மெட்ரோவில் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவோம். ஞாயிறு பூசையை விட்டுவிடக் கூடாதே என்று சனிக்கிழமை மாலையே நான் மாதா கோயிலுக்குப் போய்வந்துவிடுவேன். கிரீம், சோப்பு, டானிக் என்று சின்னச் சின்ன விளம்பரங்கள். வழியெல்லாம் ஆளுக்கொரு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைக் கேட்போம்.

ஸ்டூடியோக்காரர் பஞ்சாபி. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி மைக் முன்னால் கண்ணாடி அறைக்குள் நிற்கும்போது, இன்னொருத்தி வெளியே அவர் பக்கத்தில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தமிழ் சரியா என்று சொல்ல வேண்டும். விளம்பரம் பேசும்வரை அதில் ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு பழைய கார்ட்டூன்கள் ஒரு கட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே ஒரு குரல்தான், எல்லாப் பாத்திரமும் அவளே பேச வேண்டும், உங்கள் இருவரில் ஒருத்தி என்றார். பரீட்சைக்கு அந்த மலை ஏறும் படத்தைக் கொடுத்தார்.

எனக்கு அது வேண்டும். அவ்வளவு வேண்டும். காரணம் என் மகள். நான்காம் வகுப்பு. டெல்லியிலேயே பிறந்தவள். நான் “சாப்பிட வாட்டி” என்றால் “பாஞ்ச் மினிட், மம்மி” என்று ஹிந்தியில் ஐந்து நிமிஷம் கேட்பாள். என் தமிழ் அவளுக்கு வீட்டில் திட்டு வாங்கும் பாஷை, அவ்வளவுதான். அவள் வாயைப் பிளந்துகொண்டு உட்காரும் அந்த டிவிக்குள்ளிருந்து என் குரல் தமிழில் வந்தால், ஒருநாளாவது காது கொடுப்பாள் என்று நம்பினேன்.

முதலில் நான் உள்ளே போனேன். தாடிக்காரனுக்கு மெட்ராஸ் பேச்சு, மீசைக்காரனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு என்று வைத்துக்கொண்டேன். “ஏல, கயித்த விட்ராத, செத்துருவோம்ல!” என்று நான் கத்தியபோது, ஒன்றும் புரியாத பஞ்சாபிக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கயிறு அறுந்து மீசைக்காரன் விழும் இடத்தில் பேச்சே கிடையாது, நீளமாக ஓர் அலறல் மட்டும். மூச்சு முட்ட அலறினேன். அவன் பனியில் புதைந்து எல்லாம் அடங்கியபிறகு எனக்கு நிஜமாகவே ஒரு விக்கல் வந்துவிட்டது. ஸாரி என்றேன். “அச்சா ஹை, ரஹ்னே தோ” என்றார் அவர், நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்து அவள் பேசினாள். சுத்தமான, இஸ்திரி போட்ட தமிழ். ஆனால் அலறல் வரவில்லை. கரப்பான்பூச்சியைப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் கீச்சு. “கைஸா ஹை?” என்று அவர் என்னிடம் கேட்டார். கரப்பான்பூச்சி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு “ரொம்ப நல்லா இருக்கு” என்று ஹிந்தியில் சொன்னேன். கூட்டிக்கொண்டு வந்தவளாயிற்றே.

மூன்று நான்கு நாள் கழித்து அவரே ஃபோன் செய்தார். “குரல் ஏ ஒன், மேடம். ஆனால் நீங்கள் பேசுவது படிக்காதவர்கள் தமிழாமே? குழந்தைகளுக்குப் புரியாதாமே? உங்கள் சிநேகிதியே சொன்னார். அதனால் வேலையை அவருக்கே கொடுத்துவிட்டேன்.” வெகுளியாகத்தான் சொன்னார். போட்டிக்கு நிற்கும் இருவரில் ஒருத்தியைக் கூப்பிட்டு மற்றவளுக்கு மார்க் போடச் சொல்லும் மூளையை என்ன சொல்ல! படத்தில் ஒரே கயிற்றில் இரண்டு பேரைக் கட்டியவனுக்கும் அதே மூளைதான் இருந்திருக்கும்.

அன்று மாலை லிஃப்டில் அவளைப் பிடித்தேன்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லா ஊர்ப் பசங்களும் பாப்பாங்க. காமனா ஒரு தமிழ் இருந்தா பெட்டர்னுதான் சொன்னேன்.”

“ஏட்டி, நான் பேசினது ஒனக்குப் புரிஞ்சுதா, புரியலையா?”

“புரிஞ்சுது.”

“பொறவு?”

அவள் தளம் வந்தது, இறங்கிப் போய்விட்டாள். ஒரு வார்த்தை, “எனக்கு அது வேணும்க்கா” என்று சொல்லியிருந்தால், சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், விட்டும் கொடுத்திருப்பேன். பிள்ளைகளுக்குப் புரியாது என்று என் வாய்ப்பேச்சின் மேல் பழி போட்டாளே, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அதற்குப்பின் நான் படியில்தான் ஏறி இறங்கினேன். சனிக்கிழமைப் பூசை மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

படம் ஒரு குழந்தைகள் ஆப்பில் வந்தது. கீழ்வீட்டு ஆன்ட்டி பேசிய கார்ட்டூன் என்று மகளுக்குப் பள்ளி பஸ்ஸிலேயே சேதி எட்டியிருந்தது. போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். தமிழில் வைத்தேன். தாடிக்காரனும் மீசைக்காரனும் கீழ்வீட்டுக்காரி குரலில் மணிமணியாகப் பேசினார்கள். மகள் கொட்டாவி விட்டாள். அல்பமாக ஒரு சந்தோஷம் எனக்கு.

கயிறு அறுந்தது. மீசைக்காரன் விழுந்தான். அந்த அலறல் என்னுடையது. முழுசாக, கடைசியில் அந்த விக்கலோடு. என் பேச்சையெல்லாம் அழித்துவிட்டு, விழுவதை மட்டும் வெட்டி அவள் குரலோடு ஒட்டியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் சோஃபாவிலிருந்து உருண்டு சிரித்தாள். “மம்மி, ஃபிர் ஸே, இன்னொரு தடவை! ஆன்ட்டி எவ்ளோ சூப்பரா விழுறா!”

“அது ஆன்ட்டி இல்லட்டி. நான்.”

“ஜூட்! பொய் சொல்ற! நீ இப்படி பேச மாட்ட.”

“கேளு, அந்த விக்கல் என்னுது.”

அவள் கேட்கவில்லை. பேச்சு புரியவில்லை என்று ஹிந்திக்கு மாற்றினாள். ஹிந்தியில் மீசைக்காரன் வேறு யாருடைய குரலிலோ விழுந்தான். முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசும் இடமெல்லாம் ஹிந்தி. கயிறு அறுபடப் போகும்போது மட்டும் பட்டனைத் தட்டித் தமிழ்.

நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். குக்கர் சத்தத்தையும் மீறி, விக்கலும் அவள் சிரிப்பும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன.