ஆறாம் நம்பர் படுக்கைக்குப் போட்ட ஊசி

சில வருடங்களுக்கு முன், ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கும்மிடிப்பூண்டியில் நாற்பது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தேன். எளாவூரில் வீடு. லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு ஏழு மணி டூட்டிக்கு வந்து சேர்வதே பெரிய சாமர்த்தியம். அன்றைக்கும் சரியான நேரத்துக்குத்தான் வந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்கு அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது. யார் மேல் என்கிறீர்களா? பாதி என் மேல். மீதி யார் மேல் என்று படித்தால் உங்களுக்கே தெரியும்.

எங்கள் மருத்துவமனையில் நோயாளியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். படுக்கை நம்பர்தான். "மூணு டிஸ்சார்ஜ், ஒன்பதுக்கு டிரிப்ஸ் மாத்து, பதினொண்ணு ரொம்ப சவுண்டு வுடுது" என்று பேசிக்கொள்வோம். பெரிய டாக்டரும் வார்டுக்கு வந்தால் "ஆறு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். தேர்வாய் கண்டிகை கம்பெனிகளில் இருந்து விரல் நசுங்கியவர்களும் காய்ச்சல்காரர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளின் பேர் எங்கள் வாயில் நுழையாது. அதனால் நம்பர் எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. ஊசி போடும் முன் பேரைக் கேள் என்று படிக்கும் காலத்தில் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு நோயாளிக்கு இரண்டு நர்ஸ் என்று ஆன பிறகு, அதெல்லாம் பரீட்சையோடு போயிற்று.

இரண்டு நாள் லீவு முடிந்து நான் வந்த நாள் அது. ஆறாம் படுக்கைக்காரர் அறுபது வயது விவசாயி, சர்க்கரை நோயாளி. ஏழாம் படுக்கைக்காரர் பழவேற்காடு பக்கம் ஏரியில் மீன் பிடிப்பவர். திருக்கை மீன் முள் குத்திக் கால் புண்ணில் சீழ் வைத்திருந்தது. பத்து மணிக்குப் புண்ணைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் ராத்திரியில் இருந்து அவர் வயிறு காலி. இருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விடியற்காலையில் விவசாயி, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது என்று மீனவரிடம் சொல்லியிருக்கிறார். பாத்ரூம் ஏழாம் படுக்கைக்குப் பக்கத்தில். மீனவர் நல்ல மனுஷன். கால் வலியோடு எழுந்து நொண்டிக்கொண்டே போய் ஆறாம் படுக்கையில் படுத்து, தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார். ஆட்கள் மாறினார்கள். படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய ஃபைல்கள் மாறவில்லை. ராத்திரி டூட்டி நர்ஸ் பார்த்திருக்கிறாள். பதினாறு மணி நேரம் நின்றவள், என்னிடம் சொல்ல மறந்துபோனாள்.

ஏழரை மணிக்கு ஆறாம் நம்பர் ஃபைலைப் பார்த்தேன். காலை நாஷ்டாவுக்கு முன் இன்சுலின், இருபது யூனிட். கழுத்து வரை போர்வை போர்த்தியிருந்தவரின் கையை வெளியே இழுத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சிஸ்டர், தெனமும் இந்த ட்யூப்லதானே மருந்து வுடுவாங்க? இன்னிக்கு இன்னாத்துக்கு கையில குத்துறே?"

கேட்டாரே! அந்த மனுஷன் சரியாகக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் காது கொடுத்திருந்தால் போதும். "பேசாம படுங்கண்ணா, எனக்கு இன்னும் இருபது பேர் இருக்காங்க" என்று சொல்லி ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். என் மேல் எனக்கு இருக்கிற பாதிக் கோபம் இதுதான்.

முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும். ஏழாம் படுக்கையில் இருந்து பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, எனக்கு சக்கரை ஊசி போடவே இல்லியே. இட்லி ஆறிக்கினு கீது. துன்னட்டுமா, வாணாமா?"

ஆறாம் படுக்கைக்கு ஓடினேன். மீனவர் தொப்பலாக நனைந்திருந்தார். கூப்பிட்டேன், கண் திறந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் குழறியது. காலி வயிற்றில், சர்க்கரை நோயே இல்லாத உடம்பில், இருபது யூனிட் இன்சுலின். "நான் ஆள் மாத்தி இன்சுலின் போட்டுட்டேன் டாக்டர்" என்று டாக்டர் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். டூட்டி டாக்டர் ஓடி வந்தார். கையில் ஏற்கெனவே இருந்த அந்த ட்யூப் வழியாக குளுக்கோஸ் ஏற்றினோம். சில நிமிடங்களில் அவர் முனகினார், பிறகு மனைவியைக் கேட்டார். டீ வாங்கக் கடைக்குப் போயிருந்த மனைவி வந்தபோது, கட்டிலைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். மறுபடியும் சர்க்கரை இறங்கலாம் என்று நாள் முழுக்க குளுக்கோஸ் ஓடியது. கால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள்.

பத்து மணிக்கு மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பெரிய டாக்டரும் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "என்னுடைய கவனக்குறைவு மட்டுமே காரணம்னு எழுதிக் கையெழுத்து போடும்மா" என்றார் மேனேஜர். எழுதினேன். தப்பு என்னுடையதுதானே. எழுதி முடித்ததும் அவரே சொன்னார்: "அந்த ஃபேமிலிகிட்ட வாயைத் திறக்காதே. வெறும் வயிறு, அதனால மயக்கம்னு நானே சொல்லிட்டேன்."

கவனித்தீர்களா? காகிதத்தில் எல்லாம் என் தப்பு. வெளியில் தப்பே நடக்கவில்லை. ஒரே அறையில், ஒரே வாயில் இருந்து, ஐந்து நிமிட இடைவெளியில். பதினாறு மணி நேர டூட்டி அந்தத் தாளில் வரவில்லை. இரண்டு நர்ஸுக்கு இருபத்திரண்டு நோயாளி என்பதும் வரவில்லை. ஆட்களை நம்பராக்கியது யார் என்பதும் வரவில்லை. பெரிய டாக்டர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "ஆறு இப்ப ஓகேதானே?" என்றார். அப்போதும் ஆறுதான்!

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு சின்ன டாக்டர் மருந்தின் அளவைத் தப்பாக எழுதிவிட்டார். நல்லவேளை, மருந்துக் கடையிலேயே பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு இதே அறையில் அவருக்குக் காபி வந்தது. "டாக்டர்னா இதெல்லாம் சகஜம்பா, மனசுல வச்சுக்காதே" என்று முதுகில் தட்டினார்கள். அது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அவருக்கும் கை நடுங்கியிருக்கும். என் கை மட்டும் மரத்தால் செய்ததா?

வார்டுக்குத் திரும்பினேன். என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிற நர்ஸும் ஆயாக்களும் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். "அழுதுகினு நிக்காதே, பதினாலுக்கு டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு" என்றாள் ஒருத்தி. போனேன். இரண்டு முறை முயன்றும் பாட்டிலை மாற்ற முடியவில்லை. கூட இருந்த நர்ஸ் பிடுங்கி மாற்றினாள். துவைத்த துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலையை விடுவது என்று முடிவு செய்தேன். அதோடு நிற்கவில்லை மனசு. நெடுஞ்சாலையில் வீட்டுக்குப் போவதைப் பற்றி அது யோசித்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். யாரும் தட்டவில்லை.

மூன்று மணிக்கு டூட்டி முடிந்தது. படி இறங்கும்போது, குடிநீர்க் குழாயடியில் மீனவரின் மனைவி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "காத்தால நீதானே சிஸ்டர் ஓடியாந்து காப்பாத்துனே, நல்லா இருப்பே" என்றார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மயக்கம் இல்லை, நான் ஆள் மாற்றிப் போட்ட ஊசி, அவர் கேட்டதற்கும் வாயை மூடச் சொன்னேன் என்று முழுதும் சொன்னேன்.

பாட்டில் கீழே விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் வெளிநோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எம்மாந் திமிரு உனுக்கு! கேட்டாராமே, இன்னாத்துக்கு குத்துறேன்னு கேட்டாராமே! பதில் சொன்னா உன் வாயில இருந்து முத்து கொட்டிடுமா? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போயி நிப்பேன்?" ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சட்டென்று நிறுத்தினார். என் தோளைப் பிடித்து அங்கேயே படியில் உட்கார வைத்தார். "காத்தாலேர்ந்து எதுனா துன்னியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பையில் இருந்து ஒரு பன்னை எடுத்து என் கையில் திணித்தார். "எனுக்குக் கோவம் போவல, சொல்ட்டேன். மொதல்ல இத்த துன்னு." நான் அழுதுகொண்டே தின்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தின்று முடிக்கும் வரை என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு முழுக்க என்னிடம் மனுஷியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அன்று நான் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்ததற்கு அந்தத் திட்டும் பன்னும்தான் காரணம்.

மறுநாள் டூட்டிக்குப் போனதே ராஜினாமாக் கடிதம் கொடுக்கத்தான். வார்டில் ரகளை. வேறு நர்ஸ் ஊசியோடு நிற்கிறாள், மீனவரின் மனைவி கட்டிலுக்குக் குறுக்கே நிற்கிறார். மேனேஜர் சமாதானம் செய்கிறார். "மயக்கம்னு எங்கிட்ட பொய் சொன்னவரு நீதானே சார்? நீ தள்ளு. அந்தப் பொண்ணு வரட்டும். அதுதான் உண்மைய சொல்லிச்சு, அது போட்டாத்தான் ஊசி."

எனக்கு வேண்டாம் என்றேன். கை நடுங்கும் என்றேன். "நடுங்கட்டும். மெதுவா போடு. எங்களுக்கு இன்னா அவுசரம்?" என்றார். கட்டிலில் இருந்த மீனவர் ட்யூப் இருந்த கையை என் பக்கம் நீட்டினார்.

நான் அவர் பேரைக் கேட்டேன். சொன்னார். அப்பா பேரைக் கேட்டேன். அதையும் சொன்னார். என்ன மருந்து, எதற்கு என்று நானே சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மருந்தை ஏற்றி முடிக்க வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது. வார்டே வேடிக்கை பார்த்தது. முடித்ததும் அந்த அம்மா, "ம்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடிதத்தை நான் கொடுக்கவில்லை. பத்து நாளில் அவர்களே என்னை அனுப்பிவிட்டார்கள். தப்பு செய்ததற்காக அல்ல, வாயைத் திறந்ததற்காக. ராத்திரி டூட்டி நர்ஸுக்கு அதற்குப் பிறகும் பதினாறு மணி நேரம்தான். மீனவர் கால் ஆறி வீட்டுக்குப் போனார் என்று அவள்தான் போனில் சொன்னாள்.

இப்போது மணவாள நகரில் குடியிருக்கிறேன். திருவள்ளூரில் வேறு ஒரு மருத்துவமனையில் வேலை, இன்னும் ஊசி போடுகிறேன். எங்காவது ஒரு நர்ஸ் தப்பு செய்தாள் என்று செய்தி வந்தால், எல்லோரும் அவளைத் தூக்கில் போடாத குறையாகப் பேசுவார்கள். பேசுங்கள். நோயாளிக்காகக் கோபப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவள் எந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாள் என்று அவளோடு வேலை செய்கிற ஒருவராவது போய்ப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். என்னைத் திட்ட முழு உரிமையும் இருந்த ஒரே பெண், திட்டியபடியே எனக்குச் சாப்பிடக் கொடுத்தார். நோயாளியைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நாற்பது பேர் இருந்த கட்டடத்தில் வேறு ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதை நான் எத்தனை வருடமானாலும் மன்னிக்கப் போவதில்லை.