டார்கஸ் தள்ளிப்போட்ட படம்

பெரிய மனிதர்களுக்கு ஓவியர் முன்னால் முகத்தைக் காட்டத்தான் பொறுமை இருக்கும். கையையும் உடுப்பு மடிப்பையும் வரைய வேறு ஆளைக் கூலிக்கு உட்காரவைப்பார்கள். லண்டனில் கையுறை தைத்துப் பிழைத்த விதவை டார்கஸ் அப்படித்தான் ஓவியர் தர்க்கலின் வீட்டுக்கு வந்துபோனாள். மெல்லிய தோலைத் தைக்கும் தொழிலில் அவள் கை மிருதுவாக இருந்தது. ஊரில் பாதிச் சீமாட்டிகளுக்கு டார்கஸ் கைதான் என்று தெருக்காரர்கள் கேலி செய்வார்கள். மந்திரி ஒருவர் படத்தில் சுருட்டிய காகிதத்தைப் பிடித்திருப்பதும் அவள்தான் என்று சிரிப்பார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

ஒருமுறை பிரபு ஒருவரின் சின்ன மகளை வரைந்தார் தர்க்கல். அந்தப் பெண் முகத்தைக் காட்டவே பாடாய்ப் படுத்திவிட்டுப் போய்விட்டாள். கைகளுக்காக டார்கஸ் தன் மகள் ஹெட்டியை அழைத்துவந்தாள். பிடித்துக்கொள்ளக் கொடுத்த ஆப்பிளை ஹெட்டி கடித்துவிட்டாள். வேறொன்று கொடுத்தார்கள். எப்போதோ கதவில் நசுங்கிய அவள் இடது சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. அதை நீட்டிக்கொண்டு அவள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

வேலை முடிந்தும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஒரு துண்டுத் துணியில் குழந்தையின் முகத்தைச் சும்மாவே வரைந்து தருவதாகத் தர்க்கல் சொன்னார்.

"வேண்டாங்க ஐயா," என்றாள் டார்கஸ். "முன்பல்லு ரெண்டும் விழுந்து பொக்கை வாயா நிக்கிறா. பல்லு முளைக்கட்டும், அப்புறம் போடுங்க."

"வாய மூடிக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் தர்க்கல்.

அதைக் கேட்டு ஹெட்டி வாய்கொள்ளாமல் சிரித்தாள். பொக்கை இன்னும் நன்றாகத் தெரிந்தது. டார்கஸ் பிடித்த பிடியை விடவில்லை. சீமாட்டிகளின் அம்மைத் தழும்பும் இரட்டைத் தாடையும் அந்த அறையில் காணாமல் போவதை எத்தனை தடவை பார்த்தவள்! தன் பெண்ணும் குறையில்லாமல்தான் படத்தில் ஏற வேண்டும் என்று நினைத்துவிட்டாள், பாவி.

அந்தக் குளிர்காலத்தில் பெரியம்மை வந்து ஹெட்டியைக் கொண்டுபோயிற்று. பல் முளைக்கும் வரை அது காத்திருக்கவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் டார்கஸின் மீதி வாழ்க்கை. வருஷங்கள் போகப்போக மகளின் முகம் அவள் நினைவில் மங்கிக்கொண்டே வந்தது. மிஞ்சியது பிரபு வீட்டுப் படத்திலிருக்கும் அந்தக் கைகள் மட்டும்தான். அவற்றையாவது ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று தவித்தாள். பிரபு குடும்பம் வெளியூர் போயிருக்கும்போது வந்தவர்களுக்கு மாளிகையைச் சுற்றிக்காட்டுவது அங்கே வழக்கம். அப்படி ஒரு கோடையில், இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

வீட்டு மேற்பார்வைக்காரி அந்தப் படத்தின் முன்னால் நின்று பெருமைப்பட்டாள். "அந்தக் கையப் பாருங்கம்மா. விரலப் பாத்தாலே குலம் தெரியும்."

டார்கஸ் கிட்டே போய்ப் பார்த்தாள். ஆப்பிள் இருந்தது. சுண்டுவிரல் நேராக இருந்தது. பிரபு மகளுக்குக் கோணல் விரல் எதற்கு என்று தர்க்கல் நிமிர்த்திவிட்டிருந்தார். அவர்மேல் கோபப்படவும் அவளுக்கு வாயில்லை. அவளும் அதைத்தானே கேட்டாள்?

அவள் அழுவதைக் கண்டு மேற்பார்வைக்காரி திகைத்தாள். "எங்க சின்னம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

"கோணலாத்தாம்மா இருந்துச்சு அந்த விரல்," என்றாள் டார்கஸ். "கோணலாத்தான் அழகா இருந்துச்சு."