தலையில்லாத அப்பா

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊர்முக்கில் நினைவஞ்சலி பிளக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். டிசைன் போடும் தம்பி போட்டோ கேட்டான். ஆதார் அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு இல்லையா என்றான். இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊரெல்லாம் படம் எடுத்துத் திரிந்த மனிதருக்கு முகம் தெரிகிற மாதிரி அது ஒன்றுதான். அதிலும் திருடனைப் பிடித்து நிறுத்தின மாதிரி முழிக்கிறார்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் பாதி சம்பங்கி, பாதி கத்திரி. விடியுமுன்னே பூவெடுத்து, ஈரச் சாக்கில் கட்டி, டிவிஎஸ்ஸில் பூ மார்க்கெட்டுக்குப் போவார் அப்பா. திரும்பி வந்து கத்திரிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். மதியத்துக்கு மேல் அடுத்தவர் டிராக்டரை ஓட்டப் போய்விடுவார். அவர் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே குறைவு. இப்படிப்பட்டவருக்குக் கேமரா எதற்கு என்று ஊர் கேட்டது. அம்மாவும் கேட்டாள், கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சின்னாளபட்டியில் ஒரு ஸ்டூடியோக்காரர் ஒதுக்கிப் போட்ட கேமரா அது. ஈரம் பட்டால் கண்ணாடியில் பூசணம் பூக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, அப்பா அதைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். அம்மா உலைக்கு அரிசி அள்ளப் போனால் முதலில் கேமராதான் கையில் தட்டும். இன்றைக்கும் கோயம்புத்தூரில் என் வீட்டு அரிசி டப்பாவைத் திறந்தால் கை தானாகத் துழாவுகிறது. கூடவே அப்பா சட்டையின் சம்பங்கி வாசமும் வந்துவிடும். எத்தனை டம்ளர் போட்டோம் என்பதை மறந்துவிட்டு நிற்பேன்.

படம் எடுக்குமுன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். கத்திரிச் செடிக் கறை போகாது, ஆனாலும் கழுவுவார். ஒரு ரோலை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துப் பொங்கலிலிருந்து ஆடி வரைக்கும் இழுப்பார். பக்கத்து வீட்டுக் காதுகுத்து, யாரோ வாங்கின புதுக்காளை, ஆத்தூர் டேம் நிறைந்து வழிந்த நாள் என்று எல்லாம் அதில் இருக்கும். அவர் மட்டும் இருக்க மாட்டார். என் கல்யாண ஆல்பத்திலேயே தாரை வார்க்கையில் தலை குனிந்திருக்கிறார். குரூப் போட்டோவுக்கு எல்லோரையும் நெருக்கி நிறுத்திவிட்டு, எடுக்கிறவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வா என்று கூப்பிட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரே ஒரு தடவை, நான் நாலாம் வகுப்பு படிக்கையில், கேமராவை என் கையில் கொடுத்தார். பார்க்கிற ஓட்டை மேலே, லென்ஸ் கீழே. கிட்டத்தில் நின்று எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற தலை படத்தில் விழாது. "தலைக்கு மேல நாலு வெரக்கட எடம் விடு பாப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் எங்கே கேட்டேன்! அமுக்குகிற ஆசையில் அமுக்கிவிட்டேன்.

படம் கழுவி வந்தது. தோளில் துண்டு, வியர்வையில் ஒட்டின சட்டை, பூக்கூடையைப் பிடித்த இரண்டு கைகள். கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. நான் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதேன். அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "அட, தல போனாப் போகுது. கை எம்புட்டு நல்லா வந்துருக்கு பாரு" என்றார். அதைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டார்.

கடைசியாக நான் ஊருக்குப் போயிருந்தபோது, கிளம்புகிற நேரத்தில் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த பனியன், நாலு நாள் தாடி. "பாப்பா, என்னைய ஒன்னு எடேன். இந்தத் தடவ தலையோட" என்றார். போனில் சார்ஜ் இல்லை, அடுத்த தடவை எடுக்கிறேன் என்றேன். சரி சரி, பஸ்ஸைப் பிடி என்று அனுப்பிவைத்தார். மூன்றாவது வாரம் சம்பங்கிக் காட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

பிளக்ஸ் கடைத் தம்பி நல்ல பையன். "கவலப்படாதீங்கக்கா. தல மட்டும் இருந்தாப் போதும், ஒடம்பு நம்மகிட்ட இருக்கு" என்று கம்ப்யூட்டரில் காட்டினான். கோட்டுப் போட்டது, வெள்ளைச் சட்டை போட்டது என்று விதவிதமாகத் தலையில்லாத உடம்புகள். பையைத் திறந்து பீரோவிலிருந்து பிய்த்து வந்த படத்தை எடுத்து வைத்தேன்.

"ஒடம்பு எங்கிட்ட இருக்கு தம்பி."

நாற்பது வயசுக் கழுத்தில் அறுபது வயசு முகத்தை ஒட்டினான். தலைக்கு மேல் நாலு விரற்கடை இடம் விடச் சொன்னேன். அந்த இடத்தில்தான் 'நினைவஞ்சலி' வருமாம்.

வீட்டில் பிளக்ஸை விரித்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைகளை மட்டும் தடவினாள். கறை படிந்த நகத்தை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இது அவுக கைதான்" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மொகத்த என்னடி பண்ணுன?"

சம்பங்கிக் காட்டை விற்றாயிற்று, இப்போது அங்கே வரிசையாகப் பிளாட்டுக் கல் நிற்கிறது. சின்னாளபட்டி ஸ்டூடியோவில் செல்போன் கவர் விற்கிறார்கள். டிரம்மில் அரிசி மட்டும் இருக்கிறது. அதெல்லாம் போகட்டும். இப்போது கண்ணை மூடினால் சிரிக்கிற அப்பா வருவதில்லை, அந்த ஆதார் முகம்தான் முந்திக்கொண்டு வருகிறது. என் போனில் நான் தின்ற தோசை முதல் பக்கத்து வீட்டுப் பூனை வரை எல்லாம் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்குப் போனில் சார்ஜ் இருந்தது.