மன்னிப்புக் கேட்க முடியாத வருத்தம்

ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு 'வருந்துகிறோம்' என்ற சொல் மேல் எந்த மரியாதையும் மிஞ்சாது. காலையில் ஒரு கண்ணீர் அஞ்சலி வரும், 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று. மத்தியானம் சாக்கடைக்குக் குழி தோண்டுகிற ஒப்பந்தக்காரர் வந்து, பாதை அடைத்ததற்கு 'வருந்துகிறோம்' என்று ஒரு போர்டு கேட்பார். செத்தவருக்குக் கறுப்பு, சாக்கடைக்குச் சிவப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். டிசைன் போடுகிறவன் நான், அதனால் சொல்கிறேன். மதுரையில் தினமும் இம்புட்டுப் பேர் வருந்துகிறார்கள், ஒருத்தர் முகத்திலும் அதைப் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, இப்படி ஒரு வருத்தத்துக்கு எழுத்து கோத்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. ஐந்து வருடமாக வராத போன்.

"ஞாயித்துக்கிழம பிள்ள கோயம்புத்தூர் போறா. காலேஜ் சேத்தாச்சு. போறதுக்குள்ள ஒருக்கா வந்து பாத்துட்டுப் போடா."

அவ்வளவுதான் சொன்னாள். நல்லாயிருக்கியா இல்லை, சாப்பிட்டியா இல்லை. நானும் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எதற்காக ஐந்து வருடம் பேசாமல் இருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஒரே மகள். எங்கள் பக்கம் பெண் பிள்ளை வயசுக்கு வந்து சடங்கானால் தாய்மாமன்தான் பச்சை ஓலை வெட்டிக் கொண்டுபோய்க் குடிசை கட்ட வேண்டும். அது வெறும் வேலை இல்லை. ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் 'மாமன் எங்கப்பா?' என்று தேடுவார்கள் பாருங்கள், அந்த ஒரு நாளுக்காகத்தான் அக்கா மகள் பிறந்த அன்றிலிருந்தே ஒருவன் காத்திருப்பான். நான் காத்திருந்தேன். பிள்ளை சடங்கான சேதி காதுக்கு வந்ததும் சோழவந்தானுக்குப் போய்த் தென்னந்தோப்பில் ஓலை வெட்டி, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, மேளக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஆனையூருக்குப் போனேன். போன் பண்ணிக் கேட்கவில்லை. மாமன் முறை செய்யப் போகிறவன் அனுமதி வாங்கிக்கொண்டா போவான்? அதுவும் போதாதென்று என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? பிள்ளையின் படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் ரோஜாப்பூ போட்டு, எட்டடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துச் சுருட்டி வண்டியில் வைத்திருந்தேன். தெருமுனையில் கட்டுவதற்கு.

அக்கா கேட்டைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே பேசினாள். "ஓலைய எறக்காத. அவளுக்குப் பிடிக்கலயாம். விசேஷம் ஒன்னும் வைக்கல. நீ போயிரு."

"சின்னப் பிள்ளைக்கு என்னக்கா தெரியும்?"

"போயிருடா."

மேளக்காரர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வண்டிக்காரர், "அண்ணே, எங்கண்ணே திருப்பட்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற அவமானம் இருக்கிறதே, அது எனக்குச் சாகும்வரை போதும். வைகைக் கரையில் ஓலையை இறக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

வியாழன் ராத்திரியே எனக்குள் ஒரு நீதிமன்றம் கூடிவிட்டது. போனால் அவள் என்ன சொல்ல வேண்டும்? 'மன்னிச்சிருடா தம்பி' என்று சொல்ல வேண்டும். சரி, சொன்னால்? நான் நம்புவேனா? அவள் பொய்க்கு 'மன்னிச்சிரு' சொல்கிற ஆள் இல்லை. அப்படியே சொன்னாலும், பிள்ளை ஊருக்குப் போகிற நேரத்தில் என் வாயை அடைக்கத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றும். சொல்லாவிட்டால்? எழுந்து வந்துவிட வேண்டியதுதான். வந்துவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளைக்கு மாமன் என்று ஒருத்தன் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பேர் இருக்கும். அதையும் வேறு எவனாவது டிசைன் போடுவான்.

மறுநாள் கடையில் உட்கார முடியவில்லை. மிஷின் ஓட்டுகிற பாய் என் வயசுக்காரர், கூட்டாளி. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாப்ள, காலுல வெந்நி ஊத்துன மாதிரி அலையிற?"

சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எங்கள்ல தவ்பான்னு ஒன்னு இருக்கு. செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டு, இனிமே அதச் செய்யவே மாட்டேன்னு மனசார நிக்கணும். உங்கக்கா அப்பிடி நிப்பாகளா?"

"அவளா! நாளைக்கே இன்னொரு பிள்ள இருந்தாலும் அதையேதான் செய்வா."

"அப்ப நீ அவககிட்ட என்னத்தத்தான் எதிர்பாக்குற?"

கோபம் வந்தது. "மிஷின ஓட்டுங்க பாய், ஆளு வந்துருவாங்க" என்று கத்தினேன். ஆனால் அந்தக் கேள்வி பூரான் மாதிரி காதுக்குள் ஊர்ந்துகொண்டே இருந்தது. குற்ற உணர்வு என்றால் தப்பு என்று ஒன்று வேண்டும். மனத்தாங்கல் என்றால், அது என்னிடம்தான் இருக்கிறது, அவளிடம் இல்லை. ஏக்கம் என்பது கிடைக்காததற்கு. அவளுக்குக் கிடைக்காமல் போனது எதுவும் இல்லை. பிறகு எதற்குக் கூப்பிட்டாள்?

சனிக்கிழமை காலை வண்டியை எடுத்தேன். ஆனையூர் வந்ததும் அவள் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டிப் போனேன். மூலையில் மாவு மில் வைத்திருப்பவர் வெளியே வந்து, "யாரத் தேடுறீங்க அண்ணே?" என்று கேட்டுவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பயந்துதான் தெருவுக்குள் திரும்பினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

கேட் திறந்தே கிடந்தது. அக்கா வாசலில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. மச்சான் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போயிருப்பதாகவும், மகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருப்பதாகவும் சொன்னாள். உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

அவளே ஆரம்பித்தாள். "அன்னைக்கு உன் வண்டியையும் அதுல சுருட்டி வச்சிருந்த ஃப்ளெக்ஸையும் மாடியில இருந்து பாத்துட்டா. படத்தப் போட்டு தெருவுல கட்டுனா நான் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேம்மான்னு ரூமுக்குள்ள தாப்பாப் போட்டுக்கிட்டு அழுதா. கேட்டத் தெறந்தா நீ வந்துருவ. நீ வந்துட்டா என்னால உன்னைய நிப்பாட்ட முடியாது. எனக்குத் தெரியும்."

"அப்ப நீ செஞ்சது சரிங்கிற."

"சரிதான்டா. இன்னைக்கும் அதத்தான் செய்வேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எழுந்தே விட்டேன். "இதச் சொல்லத்தான் கூப்பிட்டியா? தெருவே பாக்க என் மூஞ்சில அடிச்சிட்டு, சரிதான்னு சொல்லக் கூப்பிட்டியா?"

"உக்காருடா." அவள் குரல் உடைந்தது. "சரியாச் செஞ்சதாலதான்டா எனக்கு ஆற மாட்டேங்குது. தப்புன்னா ஒரு வார்த்த மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கிருப்பேன்ல? சொல்றதுக்கு ஒன்னுமே இல்லாமப் போச்சேடா. நீ அந்த வண்டியில முன்னாடி ஏறி உக்காந்து, திரும்பிப் பாக்காமப் போன. பச்ச ஓல ரோட்டுல இழுபட்டுக்கிட்டே போச்சு. அஞ்சு வருசமா கேட்டச் சாத்துறப்பல்லாம் அதான் தெரியுது."

நான் உட்கார்ந்தேன். பாய் கேட்டதற்கு இதுதான் பதில் போலிருக்கிறது. தப்புச் செய்தவனுக்காவது ஒரு வாசல் இருக்கிறது, மன்னிப்பு என்று. சரியாகச் செய்துவிட்டு அதனால் ஒருத்தனை நோகடித்தவளுக்கு அதுவும் இல்லை. அவளும் உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்திருக்கிறாள், என்னைப் போலவே. என்னிடமும் அதுதானே இருக்கிறது? நான் ஓலை கொண்டுபோனது தப்பா? இல்லை. அவமானப்பட்டதும் கோபப்பட்டதும் தப்பா? இல்லவே இல்லை. பிறகு ஏன் எனக்கும் ஆற மாட்டேன் என்கிறது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அக்காவும் அழுதாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதோம்.

அப்போது கேட் சத்தம் கேட்டது. அக்கா அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஜெராக்ஸ் தாள்களோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். என் தோள் உயரம். யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவளும் ஒரு நொடி யாரோ என்றுதான் என்னைப் பார்த்தாள்.

"மாமா! எப்ப வந்தீங்க?" சிரித்தாள். நல்ல சிரிப்பு, மரியாதையான சிரிப்பு. "உக்காருங்க மாமா. காப்பியா, டீயா?"

சின்ன வயதில் என் மடியில் ஏறி உட்கார்ந்து, என் டம்ளரைப் பிடுங்கி அடி நுரையை நக்கின பிள்ளை.

"காப்பி, தாயி," என்றேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "சீனி எம்புட்டு மாமா?"

அக்கா முந்திக்கொண்டாள். "மாமாவுக்கு மூணு கரண்டி போடுத்தா. அவனுக்கு இனிப்பு தூக்கலா இருக்கணும்." சொல்லிவிட்டு, தம்பியைப் பற்றித் தனக்கு இன்னும் எல்லாம் தெரியும் என்கிற பெருமையோடு என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் அந்தக் காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.