ஸ்டேஷனில் படுத்திருந்த ஆள்

பேயாண்டியை ஆட்டுத் திருட்டில் பிடித்தபோது ஊரே சிரித்தது. ஆடு காணாமல் போன இரவு அவர் படுத்திருந்தது போலீஸ் ஸ்டேஷனில்.

விரும்பிப் படுத்ததல்ல. அப்போது எங்கள் பக்கத்தில் சில சாதி ஆண்களுக்கெல்லாம் ரேகைச் சட்டம். திருடினாலும் திருடாவிட்டாலும் கைரேகை வைத்துவிட்டு, பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். பேயாண்டி பகலில் கம்பு விதைத்தார். இரவில் சர்க்கார் கூரைக்குக் கீழே குறட்டை விட்டார்.

அன்று மற்ற ரேகைக்காரர்கள் வெளியூர் போக போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அழகர் திருவிழா பார்க்க மதுரைக்குப் போயிருந்தார்கள். இவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. காவலிருந்த ஏட்டும் பக்கத்து ஊர் நாடகத்துக்கு நழுவிவிட்டார். விடிந்ததும் ஆட்டைக் காணோம் என்றார்கள். ஊரில் மிச்சமிருந்த ரேகைக்காரர் ஒருத்தர்தான், பிடிக்க வசதி.

"ராத்திரி பூரா நான் ஸ்டேஷன்லதான் இருந்தேன். இவன் வரவே இல்லை" என்றார் ஏட்டு, கூசாமல். ஜெயில் நிச்சயம் என்றாகிவிட்டது.

மனைவி ஒச்சம்மாள் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அங்கன ஒரு ஈ காக்கா கூடவா வரலை?"

"ஒரு பாய் வந்தாரு. வண்டி மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு. சந்தையில கைலி விப்பாருல்ல, அவரு."

"இம்புட்டையும் வயித்துக்குள்ளயே வச்சிருந்தியாக்கும்?"

"சொன்னேன். யாரு எழுதிக்கிட்டா?"

அடுத்த சந்தையிலேயே கைலி வியாபாரி அப்துல் வஹீதைப் பிடித்துவிட்டாள்.

கோர்ட்டில் வஹீது கூண்டைப் பார்த்துத் திகைத்தார். "இவரா? இவரு போலீஸ்காரருல்ல?"

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல இவரு மட்டுந்தாங்க இருந்தாரு. உக்காருங்க பாய்னாரு. தண்ணி குடுத்தாரு. மாடு தாகத்துக்குத்தான் போயிருக்கும், கம்மாயில பாருங்கன்னாரு. அங்கனயேதான் நின்னுச்சு."

"இவர் போலீஸ்காரர் இல்லை."

வஹீது யோசித்தார். "ஆமாங்க. வெத்திலைச் செலவுக்குக்கூட ஒண்ணும் கேக்கலை. நான் அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஏட்டு நாடகத்தை ஒப்புக்கொண்டார். பேயாண்டி விடுதலையாகி வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷனுக்குப் படுக்கப் போனார். சட்டம் அப்படியேதான் இருந்தது.

ஆனால் புகார் சொல்ல வருகிறவர்கள் விளக்கு வைக்கிற வரைக்கும் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏட்டு கூப்பிட்டால், "இருக்கட்டுங்கய்யா, பேயாண்டியண்ணே வந்துரட்டும்."

நாற்பத்தேழில் சட்டம் போயிற்று. பேயாண்டி வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு முதல் தடவையாகச் சாய்ந்தபோது, கோழியைத் தொலைத்த சின்னத்தாய் வந்து நின்றாள்.

"ஸ்டேஷனுக்குப் போனேன்ணே. ஒங்களக் காணோம். போலீசுதான் இருந்துச்சு."