ரயில் பேனாவின் மூடி

அந்தப் பேனாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்தில் ரயில் பெட்டி திருத்தும் ஒரு நிறுவனத்தில் படவரைஞனாக இருந்தேன். நாட்டின் ரயில் சரித்திரத்தை நினைவுகூர்ந்து, கறுப்பு உடலும் தங்க நிப்புமாக விலை உயர்ந்த மைப்பேனாக்களைச் செய்வித்து, நல்ல வேலைக்காரன் என்று எனக்கும் ஒன்று தந்தார்கள். மூடியில் ஒரு நீராவி எஞ்சின் புகை விட்டபடி பொறிக்கப்பட்டிருந்தது. நகைப்பெட்டி போல ஒரு பெட்டி வேறு. ரயிலின் பெருமையெல்லாம் அந்த மூடியில் இருந்தது. என் மனைவியின் தம்பி செத்த ரயிலை மட்டும் யாரும் பொறிக்கவில்லை.

அது இலங்கையில், கலவரத்தின்போது நடந்தது. தமிழரைத் தேடி ஒரு கும்பல் ரயிலை மறித்தபோது அக்காவும் தம்பியும் ஒரே பெட்டியில் இருந்தார்கள். கீழே நின்ற ஒருவன், பயப்படாமல் இறங்கு என்று சொல்லிக் கையை நீட்டினான். தம்பி அந்தக் கையைப் பிடித்தான். அந்தக் கையே அவனை இழுத்து வாளுக்குக் கொடுத்தது. அவள் பொட்டை அழித்து, வாய் திறவாமல் இருந்து தப்பினாள். அதற்குப் பிறகு அவள் ரயில் ஏறவில்லை. ஒக்லாந்தில், ஏவன்டேல் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஸ்டேஷன். அவளோ எங்கே போவதென்றாலும் இரண்டு பஸ் மாறித்தான் போவாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒருநாள் பகிடி விட்டேன்.

"நான் கண்டது பேயில்லை, மனிசர்," என்றாள்.

பேனா தந்த அன்று நிறுவனத்து விழாவுக்கு அவளும் வந்திருந்தாள். திரும்பும்போது கொட்டும் மழை. கெஞ்சிக் கூத்தாடி அவளை ரயிலில் ஏற்றினேன். ஜன்னலோரம் விறைத்துப்போய் இருந்தவளிடம் பேனாவைத் திறந்து கொடுத்தேன். புதுப் பேனாவால் முதலில் பிள்ளையார் சுழிதானே போட வேண்டும்.

"நீர் போடும். உம்மட கையால தொடங்கட்டும்."

அவள் சுழியைப் போட்டு முடிக்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் பியர் போத்தல்களோடு நாலைந்து வெள்ளைக்காரர் ஏறி, தங்களுக்குள்ளேயே அடிபடத் தொடங்கினார்கள். ஒருவனின் மூக்கு உடைந்தது. போத்தல் ஒன்று சிதறியது. எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் புறங்கையால் பொட்டை அழித்தாள்; தாலியைச் சட்டைக்குள் தள்ளினாள்.

"தமிழ் கதையாதேங்கோ," என்று கிசுகிசுத்தாள்.

ஒக்லாந்துக் குடிகாரனுக்குப் பொட்டும் தெரியாது, தமிழும் தெரியாது என்று அந்த நேரம் அவளுக்கு யார் சொல்வது? அவள் பதறி என் பக்கம் ஒதுங்கியதில் மடியிலிருந்த பேனா மூடி விழுந்து உருண்டது.

மூக்குடைந்தவன் குனிந்து எதையோ எடுத்தான். முகமெல்லாம் இரத்தம் வழிய எங்களிடம் வந்து, பொத்திய கையை அவளை நோக்கி நீட்டினான்.

அவள் பேனாவை ஓங்கி அந்தக் கையில் இறக்கினாள்.

நிப்பு எலும்பில் முட்டி வளைந்தது. அவன் அலறினான். அதுவரை அவனை உதைத்தவர்கள் இப்போது அவனுக்காக என்மேல் பாய்ந்தார்கள். சப்பாத்துக்கால் விலாவில் விழுந்தது. ஒரு பல் வாய்க்குள் கழன்றது. எனக்கும் வெறி ஏறி, ஒருவனின் தலையைப் பிடித்து ஜன்னலில் மோதினேன். கார்ட் ஓடிவந்து, கத்திக் கத்தித்தான் எங்களைப் பிரித்தார்.

அப்போதுதான் மூக்குடைந்தவன் விரல்களை விரித்தான். இரத்தமும் நீல மையும் வடிந்த கைக்குள் மூடி இருந்தது. அவளுடையதைத்தான் தர வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவன் குரல் அழுவது போல இருந்தது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பிடிக்காதேங்கோ! நீட்டின கையைப் பிடிக்காதேங்கோ!"

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. மூடியை எதிர் சீட்டில் வைத்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றான்.

அதன் பிறகுதான் அவள் அதை எடுத்தாள்.